மீன் தொட்டியும் மருந்துப் புட்டியும்

சிவகாசிப் பக்கத்தில் "மருந்து" என்று சொன்னால் டாக்டர் கொடுப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டாசுக்குள் செலுத்துகிற ரசாயனக் கலவைக்குத்தான் அங்கே மருந்து என்று பெயர். மருந்து கலக்க ஓர் அறை. செலுத்த ஓர் அறை. காயவைக்க ஒரு மேடை. ஒன்றை ஒட்டி இன்னொன்று இருக்கக் கூடாது. எடை போடாமல் கையால் அள்ளிக் கலக்கக் கூடாது. வேலைக்குச் சேருகிறவர் முதலில் கேட்க வேண்டிய பாடம் இது. அதை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதை அந்த வட்டாரம் பல தடவை அழுதுகொண்டே பார்த்திருக்கிறது.

அதே ஊர்க் கடைவீதியில் வேறொரு மருந்தும் விற்பனையாகிறது. வண்ண மீன் கடையில் கிடைக்கும் மருந்து அது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டி. "ஆன்டி குளோரின்" என்பார்கள். கொஞ்சம் விலை கூடியதானால் "வாட்டர் கண்டிஷனர்" என்பார்கள். "தொட்டிக்கு நாலு சொட்டு விடுங்கள், போதும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

எத்தனை லிட்டர் தொட்டிக்கு நாலு சொட்டு? புட்டிக்குள் இருப்பது என்ன? எவ்வளவு காரமான கரைசல்? பல புட்டிகளில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. நாட்டின் நாலா திசைக்கும் லேபிளும் காலண்டரும் அச்சடித்து அனுப்புகிற ஊர் சிவகாசி. அந்த ஊர்க் கடையில் விற்கும் மீன் மருந்துப் புட்டிக்கு ஓர் ஒழுங்கான லேபிள் இல்லை என்பது வேடிக்கைதான்!

வேடிக்கை கடையோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்குகிறார்கள். அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, நாலு சொட்டு விட்டு, ஆறு தங்க மீன்களையும் விட்டுவிடுகிறார்கள். வியாழன் அன்று ஒரு மீன் மிதக்கிறது. சனிக்கிழமைக்குள் பாதி போய்விடுகிறது. வீட்டுக் குழந்தை அழுகிறது. "கண் பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி. "வீட்டுக்கு வந்த கெடுதலை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டது" என்று ஆறுதல் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆறு மீன் வருகிறது. இந்தத் தடவை எட்டுச் சொட்டு!

கண்ணும் படவில்லை, கெடுதலும் வரவில்லை. அந்தப் புட்டியால் ஒரு வேலைதான் செய்ய முடியும். அதனிடம் இரண்டு வேலையை எதிர்பார்த்ததால் வந்த வினை இது.

குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது?

விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி. தண்ணீர் தூரத்திலிருந்து வரவேண்டும். தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகக் குழாயில் வருகிறது. சிவகாசிக்கு மானூர்த் திட்டமும் வெம்பக்கோட்டை அணையும் கைகொடுக்கின்றன. அப்படியும் தினந்தோறும் குழாய் திறக்கும் என்று சொல்ல முடியாது. சில நாட்களுக்கு ஒரு முறை வருகிற தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து வைத்துக் கொள்கிறார்கள். போதாத நாளில் லாரித் தண்ணீர். அதுவும் இல்லாவிட்டால் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர்.

இத்தனை தூரம் வருகிற தண்ணீரில் நோய்க்கிருமி சேராமல் இருக்கக் குளோரின் கலக்கிறார்கள். வீட்டுக் குழாயை எட்டும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. காலரா, மஞ்சள் காமாலை முதலியவற்றிலிருந்து ஊரைக் காப்பது இந்த மிச்சம்தான். மழைக் காலத்தில் இதைவிடக் கூட்டியும் போடுவதுண்டு. தரைத்தொட்டியில் புழு வந்துவிட்டது என்று வீட்டுக்காரர்களே பிளீச்சிங் பவுடரை ஒரு பிடி அள்ளிப் போடுவதும் உண்டு. அப்போது குளோரின் எவ்வளவு என்பது அந்தக் கை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது!

மனிதன் குடிக்கலாம். வயிற்றுக்குள் போனதும் அந்தச் சிறு அளவு குளோரின் செயலற்றுப் போகும். மீனின் கதை வேறு. அதற்குச் செவுள்தான் நுரையீரல். மெல்லிய தோல். அதன் வழியாக ரத்தமும் தண்ணீரும் நாள் முழுவதும் உரசிக்கொண்டே இருக்கின்றன. மனிதனுக்குப் பாதுகாப்பான 0.2 மில்லிகிராமே அந்தத் தோலைப் பொசுக்கப் போதும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் "பசி" என்று நினைத்துத் தீனி போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இருட்டறையிலிருந்து வந்த உப்பு

இந்த இடத்தில்தான் ஆன்டி குளோரின் உதவிக்கு வருகிறது. அது ஒன்றும் பரம ரகசியம் அல்ல. பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் "ஹைப்போ" என்று சொல்லும் அதே உப்பு. கற்கண்டுபோல் இருக்கும். வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்று 1819-ல் கண்டவர் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இருபது வருஷம் கழித்துப் போட்டோக் கலை பிறந்தபோது படத்தை அழியாமல் நிலைநிறுத்த அந்த உப்பே பயன்பட்டது. பிலிம் சுருள் மறைந்து ஸ்டுடியோ இருட்டறைகள் மூடப்பட்டன. ஹைப்போ மட்டும் மீன் கடைக்குக் குடி வந்துவிட்டது!

குளோரினைக் கண்டால் ஹைப்போ உடனே அதைப் பிடித்துத் தீங்கில்லாத உப்பாக மாற்றிவிடும். கணக்கும் சுலபம். 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் ஹைப்போ வேண்டும்.

100 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றால் மொத்தம் 20 மில்லிகிராம் குளோரின். அதற்கு 140 மில்லிகிராம் ஹைப்போ போதும். குளோரின் 0.5 வரை இருந்தாலும் 350 மில்லிகிராம்தான். ஆக, அரை கிராம் போட்டால் தாராளம். 10 கிராம் ஹைப்போவைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கி வைத்துக்கொண்டால், அதில் ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம் இருக்கும். 100 லிட்டருக்கு 5 மில்லி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று இருந்தால் சொட்டு எண்ண வேண்டியதில்லை. குளோரின் இருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. நகராட்சி ஊழியர்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு திரவத்தைச் சில சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைத் திரவம் கடையில் கிடைக்கிறது.

எங்கே கலப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புதுத் தண்ணீரை முதலில் வாளியிலோ டிரம்மிலோ பிடித்து, அங்கேயே மருந்தைக் கலக்கி, பிறகு தொட்டியில் ஊற்றுவதே நல்லது. அப்போது வாளித் தண்ணீருக்கு மட்டும் அளவு போட்டால் போதும். குழாயை நேராகத் தொட்டிக்குள் விடுகிறவர்கள், ஊற்றுவதற்கு முன்பே, முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு மருந்து விட வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம் மருந்து என்றால் நடுவில் போகும் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் செவுள் வெந்துவிடும்.

மருந்தே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து, காற்றுப் பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் தானே பறந்துபோகும். ஆனால் மூடிபோட்ட தரைத்தொட்டியில் இரண்டு நாள் கிடந்தது என்பதற்காகக் குளோரின் போய்விட்டது என்று நம்பக் கூடாது. தண்ணீரில் அமோனியா கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து "குளோரமைன்" ஆகிவிடும். அது எளிதில் பறக்காது. ஹைப்போ போட்டால் குளோரின் நீங்கும். உள்ளே கட்டுண்டிருந்த அமோனியா வெளியே வரும்.

அமோனியா! இரண்டாவது எதிரியின் பெயர் இது. நாலு சொட்டு ஒழுங்காக விட்ட வீட்டிலும் மீன் மிதப்பதற்குக் காரணம் இவன்தான்.

ஒரு தந்தையும் மகனும்

மீன் தின்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாகவும் அமோனியாவை வெளியே விடுகிறது. கண்மாயில் இது பெரிய விஷயமல்ல. அங்கே மண் இருக்கிறது, பாசி இருக்கிறது, கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கடையிலிருந்து வந்த கண்ணாடிப் பெட்டியில் இவை ஒன்றும் இல்லை. அது பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தம்தான் ஆபத்து!

இந்த விஷயத்தை உலகம் கண்டுபிடித்த வரலாறு ருசிகரமானது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றாமலேயே அவை உயிர்வாழ்வதைக் காட்டினார். 1850-ல் அதை எழுதி வெளியிட்டார். வீட்டு மீன் தொட்டிக் கலைக்கு அது பிள்ளையார் சுழி. செடி பிராண வாயுவைத் தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது என்று அவர் விளக்கினார். அவர் கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள் ஒருவன் தொட்டிக்குள் இருந்தான்.

அந்த ஆளைத் தேடி அலைந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வாரிங்டனின் சொந்த மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணில் அமோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது என்று பல வருஷம் ஆராய்ந்தார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று கண்டார். முதலில் அமோனியா நைட்ரைட்டாகிறது. பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. இரண்டுக்கும் வெவ்வேறு உயிர்கள். ஆனால் அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார்.

இவர்களுக்கு முன்பே பாரிஸில் ஒரு சோதனை நடந்தது. மீன் தொட்டி வைக்கிற ஒவ்வொருவரும் அறியவேண்டிய சோதனை. 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் நீளமான கண்ணாடிக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. 20 நாள் வரை, போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது! ரசாயன மாற்றம் மட்டுமே என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். உயிர்கள் பிறந்து பெருகியதால் 20 நாள் ஆயிற்று. குளோரோபாம் ஆவியை உள்ளே விட்டார்கள். வேலை நின்றுவிட்டது. கொஞ்சம் மண் கரைத்த நீரை விட்டார்கள். நாள் கழித்து மறுபடியும் வேலை தொடங்கியது.

இன்று "தொட்டி சைக்கிளிங்" என்று இளைஞர்கள் பேசுகிறார்களே, அது முழுவதும் இந்தக் குழாய்க்குள் அடக்கம். காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. விஷம் பட்டால் நின்றுபோகும் என்பதும் இருக்கிறது. பழைய இடத்து நுண்ணுயிரைக் கொண்டுவந்து சேர்த்தால் தொடங்கும் என்பதும் இருக்கிறது.

பட்டாசு வட்டாரத்துக்கு இந்த உயிர்கள் அந்நியமும் அல்ல. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். ரசாயனத் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு அது மண்ணிலிருந்தே கிடைத்தது. பீகாரில் மாட்டுக் கொட்டில் பக்கத்து மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றியது. அந்த மண்ணில் மாட்டு மூத்திரத்து அமோனியாவை நைட்ரேட்டாக்கிக் கொடுத்தவை இதே வகை நுண்ணுயிர்கள்தான். பீரங்கிக்கு உணவு சமைத்த உயிர்கள், பில்டர் பஞ்சில் உட்கார்ந்து தங்க மீனைக் காப்பாற்றுகின்றன!

புட்டி செய்யாத வேலை

ஆகவே, கண்டிஷனர் தொட்டியைப் பக்குவப்படுத்தாது. குளோரினை நீக்கி, நுண்ணுயிர்கள் குடியேற வழிவிடும். அவ்வளவுதான். குளோரின் கிருமியைக் கொல்லத்தானே கலக்கிறார்கள்? அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. புதுத் தொட்டியில் மருந்து விடாமல் தண்ணீர் சேர்த்தால் பத்து நாளாக வளர்ந்தவை ஒரே நாளில் போய்விடக் கூடும். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளை வெளேரென்று கழுவுகிறவர்களும் அதையே செய்கிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பஞ்சு அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்!

விலை கூடிய சில கண்டிஷனர்களில் அமோனியாவையும் கட்டிப் பிடிக்கும் பொருள் சேர்ந்திருக்கிறது. இது உண்மையான உதவி. ஆனால் கட்டு நிற்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கட்டப்பட்ட அமோனியாவையும் நுண்ணுயிர்கள் உண்ண முடியும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே சரியான அளவு விட்டால் சைக்கிளிங் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. உண்ண ஆள் இல்லாத புதுத் தொட்டியில், இரண்டு நாள் கழித்து எல்லாம் பழையபடி அவிழ்ந்துகொள்ளும்.

இதில் இன்னொரு குழப்பமும் வருகிறது. மருந்து விட்ட மறுநாள் சோதனைக் கிட்டில் அமோனியா பார்த்தால் எண் கூடுதலாகவே இருக்கும். கட்டுண்டதையும் கட்டப்படாததையும் சேர்த்தே பெரும்பாலான கிட்டுகள் எண்ணுகின்றன. "நெஸ்லர்" வகைத் திரவமாக இருந்தால் கண்டிஷனரோடு சேர்ந்து தப்பு நிறமே காட்டிவிடும். அந்தத் திரவத்தில் பாதரசமும் இருக்கிறது. குழந்தை கைக்கு எட்டக் கூடாது. தப்பு எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் இன்னும் மருந்து விடுகிறார்கள். மறுநாள் எண் அப்படியே. இன்னும் மருந்து!

இப்படி அளவு மீறினால் என்ன? கொஞ்சம் கூடினால் மோசமில்லை. ஹைப்போ இரண்டு மடங்கு போனால்கூட மீன் தாங்கும். பல மடங்கு போகும்போதுதான் வம்பு. கண்டிஷனர்களில் சில வகை, குளோரினைத் தேடி அலுத்தபிறகு தண்ணீரில் கரைந்திருக்கும் பிராண வாயுவைப் பிடிக்கத் தொடங்கும். 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் பிராண வாயுவைத் தாங்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் விருதுநகர் வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அங்கே மீனும் மூச்சு விடவேண்டும், நுண்ணுயிரும் மூச்சு விடவேண்டும். மின்சாரம் போய்க் காற்றுப் பம்பு நின்ற மத்தியானத்தில் அரைப் புட்டி மருந்தைக் கவிழ்த்தால், அது மீனின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

உப்புத் தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆகவே அது மீனுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குளோரின் இல்லைதான். ஆனால் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீரில் அமோனியாவின் குணம் மாறிவிடும். தண்ணீரின் கார அளவைக் காட்டும் பி.எச். எண் 7 என்றால், 30 டிகிரியில், மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே கொடிய உருவத்தில் இருக்கும். எண் 8 ஆனால் நூற்றுக்கு ஏழு. எட்டரை என்றால் நூற்றுக்கு இருபது! ஒரே அமோனியா, ஒரு வீட்டில் மீனை விட்டுவைக்கிறது, அடுத்த தெருவில் கொன்றுவிடுகிறது. வற்றிய தண்ணீருக்குப் பதிலாக வாரா வாரம் உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்பு மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல.

மூன்று புட்டி

கடைகளில் பல சமயம் ஆன்டி குளோரினோடு இன்னும் இரண்டு புட்டி சேர்ந்து வருகிறது. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். நீலம் பெரும்பாலும் மெத்திலின் புளூ. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் அது நல்ல மருந்து. நோய் வந்த மீனைத் தனியே ஒரு வாளியில் வைத்து உபயோகிக்க வேண்டியது. அதைப் புதுத் தொட்டியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று விடுகிறார்கள். குடியேறிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது பாரிஸ் சோதனையின் குளோரோபாம் போல. டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடுவதும் அப்படித்தான். நோய் இல்லாத தொட்டிக்கு நோய் மருந்து எதற்கு?

ஹைப்போவையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே ஈரமான அலமாரியில் வைப்பதும் கூடாது. ஒன்று எரியூட்டும் ஜாதி, மற்றொன்று அதனோடு வினைபுரியும் ஜாதி. இரண்டும் சேர்ந்தால் சூடு பிறக்கும். இதைச் சிவகாசிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! தொழிற்சாலை ரசாயனத்தில் ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவந்து மீனுக்குப் போடும் துணிச்சல் யாருக்கும் வர வேண்டாம்.

மீன் இல்லாத தொட்டி

தண்ணீர் தாராளமாக உள்ள ஊரில் ஒரு வழி உண்டு. இரண்டு மீனோடு தொட்டியைத் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மாதத்தைத் தள்ளிவிடலாம். குடம் கணக்கில் தண்ணீர் சேமிக்கும் வீட்டில் இது நடக்குமா? 100 லிட்டர் தொட்டிக்கு மாதம் 375 லிட்டர் தேவைப்படும். அந்தத் தண்ணீர் இல்லாததால்தானே மருந்துப் புட்டியிடம் சரணடைகிறார்கள்? வறண்ட ஊருக்கு ஏற்ற முறை, மீன் இல்லாமலே தொட்டியைப் பக்குவப்படுத்துவது.

தொட்டியை நிரப்பி, ஒரு முறை ஆன்டி குளோரின் விட்டு, பில்டரையும் காற்றுப் பம்பையும் ஓடவிட வேண்டும். நுண்ணுயிருக்கு உணவாகக் கொஞ்சம் அமோனியா வேண்டும். அமோனியம் குளோரைடு அதற்குச் சரி. அதாவது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உபயோகிக்கும் அதே சரக்கு. ஆனால் அவரிடம் உள்ளதில் கசடு இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு விற்கும் சுத்தமானதை வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. 5-ஐத் தாண்டினால் நுண்ணுயிர்களே திணறும்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட்டும் விஷம்தான். மீன் ரத்தத்தில் கலந்து அதைப் பழுப்பாக்கிவிடும், மூச்சு முட்டும். இந்தக் கட்டத்தில் "அமோனியா போய்விட்டது" என்று மகிழ்ந்து மீன் விடுகிறவர்கள் ஏராளம். நைட்ரைட்டும் இறங்க வேண்டும். முழுவதும் முடிய நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம். வெயில் ஊர் என்பதால் இங்கே நுண்ணுயிர் வேகமாகவே வளரும். கடைசியில் அதே 0.6 கிராமை மறுபடி போட்டுப் பார்த்து, 24 மணி நேரத்துக்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் ஆனால் தொட்டி தயார். பாதிக்குமேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்த நைட்ரேட்டைக் குறைத்து, முதலில் இரண்டு மூன்று மீன் விடலாம். நடுவில் கண்டிஷனர் எப்போது வேண்டும்? புதுத் தண்ணீர் சேர்க்கும்போது மட்டும். தினம் விட அது டானிக் அல்ல.

நாலு வாரத்தைச் சுருக்க முடியாதா? நண்பர் வீட்டில் ஆரோக்கியமாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு பில்டர் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தால் நாள் பெருமளவு குறையும். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும், பார்த்து வாங்க வேண்டும்.

ஏற்கெனவே மீன் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? தீனியை இரண்டு நாளுக்கு ஒரு வேளையாகக் குறைக்க வேண்டும். கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். அமோனியாவைக் கட்டும் கண்டிஷனர் இருந்தால், அட்டையில் போட்ட அளவுக்கு மேல் போகாமல் விடலாம். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் வரை சாதாரணச் சமையல் உப்பு உதவும். தங்க மீன் அதைத் தாங்கும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும்.

கடைக்காரரின் கை

இத்தனையும் ஒரு கடைக்காரர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். "இன்றைக்குத் தொட்டி மட்டும் எடுத்துப் போங்கள். மீனுக்கு அடுத்த மாதம் வாருங்கள்." சொன்னால் அன்றைய வியாபாரம் குறையும் என்ற பயம் இருக்கலாம். மூன்று முறை மீன் செத்த வீடு நாலாம் முறை மீன் வாங்குவதில்லை, காலித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறது. சென்னைக் கொளத்தூரிலிருந்து பாலிதீன் பையில் பிராண வாயு அடைத்துப் பஸ்ஸிலும் வேனிலும் இவ்வளவு தூரம் உயிரோடு வந்த மீன், அந்த வீட்டில் நாலு நாளில் சாவதால் யாருக்கு லாபம்?

புட்டியில் மூன்று வரி இருந்தால் போதும். உள்ளே இருக்கும் பொருள், ஒரு மில்லி எத்தனை லிட்டருக்கு, தயாரித்த மாதம். தமிழில் இருக்க வேண்டும். சில்லறையாக ஊற்றிக் கொடுப்பவர்கள் கையாலாவது எழுதி ஒட்டலாம். தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அலங்கார மீன் கடைக்காரர்களுக்கு ஒரு நாள் வகுப்பு என்று கல்லூரியும் மாவட்ட மீன்வளத் துறையும் சேர்ந்து விருதுநகரிலேயே நடத்தினால் எத்தனையோ வீடுகளுக்கு உபகாரமாக இருக்கும்.

தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். நைட்ரேட் செடிக்கு எரு. உப்புப் போடாத தொட்டித் தண்ணீரை மல்லிகைக்கோ முருங்கைக்கோ ஊற்றினால், தண்ணீர் வராத நாளில் ஒரு குடம் மிச்சம்.